உறங்கவும் விடமாட்டீர்களா?

ஓசூரில் தூக்கத்துக்கு மரியாதை கிடையாது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து அந்த ஊரில் இரவு என்பது சூரியன் இல்லாத பகல், அவ்வளவுதான். முதல் ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்து பல் துலக்கும்போது, மூன்றாவது ஷிப்டு முடிந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பான். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், 1980-களிலிருந்து கைக்கடிகாரமும் செய்கிறார்கள். நிமிஷத்தைப் பெட்டியில் அடைத்து நாடெங்கும் அனுப்புகிற ஊரிலே ஒரு ஜீவன், "எனக்கு இரண்டு மாதம் ஒரு வேலையும் இல்லை, நான் படுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் யாருக்குப் பொறுக்கும்?

அப்படிச் சொல்கிற ஜீவன் ஒன்று இப்போது அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், வறண்ட பூமியில் வாழும் ஓணான் அது. கோபமோ பயமோ வந்தால் தொண்டைக்குக் கீழே முள்முள்ளாக இருக்கும் தோலை உப்பிக் கறுப்பாக்கிக் காட்டும். அதைப் பார்த்துத்தான் இங்கிலீஷில் 'பியர்டட் டிராகன்' என்று பெயர் வைத்தார்கள். நாம் தாடி ஓணான் என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒன்றரை அடி இருக்கும். சில இரண்டடியை எட்டிப் பிடிக்கும். பரம சாது. தோளில் விட்டால் கோயில் யாளி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். பெங்களூரில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, அத்திப்பள்ளி வழியாக எல்லை தாண்டிக் கொண்டுவந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து இளைஞர்களில் சிலருக்கு ஒரு கௌரவம்.

கௌரவத்தோடு எனக்கு உள்ள சண்டையைப் பிறகு போட்டுக்கொள்கிறேன். முதல் சண்டை அந்தப் பிராணியின் தூக்கத்தைப் பற்றியது.

என் தங்கை மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். ஒரு மார்கழி மாதம் காலையில் டெலிபோனில் கூப்பிட்டான்.

"மாமா, ஆறு நாளாச்சு. ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது. மூலையிலே போய்ப் படுத்துண்டு கண்ணை மூடிக்கறது. செத்துடுமோன்னு பயமா இருக்கு."

"யாருக்கடா உடம்பு சரியில்லை?" என்று நான் பதறிவிட்டேன். ஓணான் என்று தெரிந்த பிறகும் பதற்றம் முழுவதும் தணியவில்லை. ஏனென்றால் அதற்குள் அவனுக்கு ஊரெல்லாம் வைத்தியம் சொல்லியிருந்தார்கள். வெந்நீரில் முக்கி எடு என்றார் ஒருவர். வாயைப் பிளந்து சத்து மருந்தை ஊற்று என்றார் இன்னொருவர். ராத்திரி முழுவதும் விளக்கை எரியவிடு என்று ஒரு யோசனை. உயிரோடு பத்து வெட்டுக்கிளியைப் பெட்டிக்குள் விட்டு வை, பசி வந்தால் தானே பிடித்துத் தின்னும் என்று ஒரு யோசனை. விற்ற கடைக்காரரைக் கேட்டால், "இது கள்ளிச் செடி மாதிரி சார், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று வாங்கும்போது சொன்னதையே திருப்பிச் சொன்னாராம்.

இந்த வைத்தியங்களில் உருப்படியானது ஒன்றுகூட இல்லை. பாதி கொலைக்குச் சமம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்களுக்கும் எனக்கும் உடம்பின் சூடு உள்ளேயிருந்து வருகிறது. ஓணானுக்கு அது வெளியேயிருந்து வர வேண்டும். வெயிலில் காய்ந்தால்தான் அதன் ரத்தம் ஓடும், இரைப்பை வேலை செய்யும். குளிர் காலத்தில் பகல் குறைந்து வெயில் மங்கும்போது அது ஒரு முடிவுக்கு வருகிறது: கிடைக்காத சூட்டைத் தேடி அலைவதைவிட, உடம்பின் நெருப்பைத் தணித்துக்கொண்டு ஒரு பொந்தில் கிடந்துவிடலாம் என்று. கரடி தூங்குகிற தூக்கம் வேறு, இது வேறு. இது அரைத்தூக்கம், நடுவில் எழுந்து நாலடி நகரும், ஒரு வாய் தண்ணீர் குடிக்கும், மறுபடியும் படுத்துவிடும். சில வாரம் நீடிக்கலாம், இரண்டு மூன்று மாதமும் நீடிக்கலாம்.

அந்த நிலையில் வயிற்றுக்குள் உணவு போனால் என்ன ஆகும்? அடுப்பு அணைந்த பானையில் அரிசி போட்டால் என்ன ஆகுமோ அதுதான். வேகாது, ஊறிப் புளித்துப் போகும். சூடில்லாத இரைப்பையில் புழு பூச்சி செரிக்காமல் அழுகும். வாயைப் பிளந்து ஊட்டுகிற அன்பர்கள், பசியில் சாகப் போகிறது என்று பயந்து அதை அஜீரணத்தில் சாக அடிக்கிறார்கள். பெட்டிக்குள் விட்ட வெட்டுக்கிளியோ, ஓணானுக்கு இரையாவதற்குப் பதில் தூங்குகிற ஓணானின் கால் விரலையும் கண்ணோரத்தையும் கடிக்க ஆரம்பிக்கும். ராத்திரி விளக்கு எரிந்தால், பகல் எது இரவு எது என்று அதன் உடம்புக்குப் புரியாது. மூன்றாவது ஷிப்டு உடம்பு எப்படி இருக்கும் என்று ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தில் எந்தப் பிராணியின் தூக்கத்தை அலட்சியம் செய்தாலும் செய்யலாம், இந்தப் பிராணியின் தூக்கத்தை அலட்சியம் செய்வது விஞ்ஞானத்துக்கே துரோகம். 2016-ல் ஜெர்மனியில், பிராங்க்பர்ட்டிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆராய்ச்சி நிலையத்தார் இதே தாடி ஓணானின் மூளையில் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். கனவு காண்கிற தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்ற இரண்டு கட்டங்கள் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் மட்டுமே சொந்தம் என்றுதான் அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். இந்த ஓணானுக்கும் அவை இருந்தன! நமக்கு ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறதென்றால் அதற்கு ஏறத்தாழ 80 விநாடி. ஓர் இரவில் 350 சுற்றுகள். அது கனவில் எதைக் காண்கிறதோ, வெயிலைத்தான் காணும் என்று நினைக்கிறேன். நமக்கும் அதற்கும் பொதுவாக இருந்த ஒரு மூதாதை, முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு பாறை இடுக்கில் இப்படித்தான் உறங்கியிருக்கலாம் என்று அந்த ஆராய்ச்சி எண்ண வைக்கிறது. அத்தனை பழைய தூக்கத்தை எழுப்பித்தான் வாயில் சத்து மருந்து ஊற்றுகிறோம்.

சரி, "தூங்கட்டும், எனக்கென்ன?" என்று இருந்துவிடலாமா? அப்படி ஒரு கட்சியும் இருக்கிறது. முதல் கட்சியாவது அன்பினால் கெடுக்கிறது. இந்தக் கட்சி சோம்பலினால் கெடுத்துவிட்டு, அதற்கு 'இயற்கை' என்று பெயர் வைத்துக்கொள்கிறது. படுத்திருக்கிற ஓணானெல்லாம் குளிர்கால உறக்கத்தில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? வயிற்றில் பூச்சி இருந்தாலும் படுக்கும், நெஞ்சில் சளி கட்டினாலும் படுக்கும், எலும்பு மெலிந்தாலும் படுக்கும். ஒரு வயது நிரம்பாத குட்டியைக் குளிரில் தூங்க விடவே கூடாது. அதற்கு அவ்வளவு சேமிப்பு உடம்பில் கிடையாது. நோயாளியையும் விடக் கூடாது.

ஆகவே வேலை மார்கழியில் ஆரம்பிப்பதில்லை, ஐப்பசியிலேயே ஆரம்பிக்கிறது. ஓணானின் எச்சத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பூச்சி உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். உறக்கத்துக்குச் சாய்கிறது என்று தெரிந்தவுடன் தீனியை நிறுத்தி, ஆனால் சூட்டை நிறுத்தாமல், இரண்டு வாரம் போல வைத்திருந்து வயிறு காலியாக விட வேண்டும். பிறகுதான் விளக்கு எரியும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒதுங்கிக்கொள்ள ஒரு மறைவிடம், குடிக்கத் தண்ணீர், ஈரமில்லாத தரை. வாரத்துக்கு ஒரு தடவை, எழுப்பாமல், தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். ஆரோக்கியமாகத் தூங்குகிற ஓணான் எடையில் அநேகமாக ஒன்றும் இழப்பதில்லை. 400 கிராம் ஓணான் 40 கிராம் இழந்துவிட்டது என்றால் அது தூக்கமில்லை, நோய். உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். விழித்த பிறகு முதலில் தண்ணீர், அப்புறம் சூடு, அதற்கும் அப்புறம்தான் சாப்பாடு.

எங்கே ஓடுவது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆடு மாட்டுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த டாக்டர்களுக்குக் குறைவில்லை. ஓணானுக்கு நாடி பார்க்கத் தெரிந்தவரைத் தேடி என் மருமகன் பெங்களூர்தான் போக வேண்டியிருந்தது. அந்த டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு என்ன வயது?" அவனுக்குத் தெரியவில்லை. விற்றவர் சொல்லவில்லை. பல ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு ஜாதகம் இல்லை! ஒரு கன்றுக்குட்டி வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவான்.

இங்கே இன்னொரு வாதத்தையும் தீர்த்துவிடுகிறேன். "நம்முடையது உஷ்ண தேசம், அதற்கு விளக்கு எதற்கு, வெள்ளைக்காரன் குளிர் தேசத்துக்குத்தான் அதெல்லாம்" என்று மெத்தப் படித்தவர்களும் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரியில் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் சரி. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் ஏறி வந்தால் ஓசூர், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள தளிக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். விழித்திருக்கும் தாடி ஓணானுக்கு வெயில் காய்கிற கல் 40 டிகிரியைத் தொட வேண்டும். ஜன்னலோரத்தில் பெட்டியை வைத்தால் வெயில் விழுகிறதே என்றால், கண்ணாடி வழியாக வருவது வெளிச்சம் மட்டுமே. எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் வைட்டமின் 'டி' உண்டாகாது. வைட்டமின் இல்லாமல் சுண்ணாம்புச் சத்து ஒட்டாது. தாடை ரப்பர் மாதிரி வளைந்துபோன ஓணானை அந்த டாக்டரின் மேஜை மேல் நானே பார்த்தேன். அதன் சொந்தக்காரர் அதற்குத் தினமும் முட்டைக்கோஸும் புழுவும் தவறாமல் கொடுத்தவர்தானாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உறங்குகிற ஓணானுக்கு அதே ஓசூர் மார்கழி அப்படியொன்றும் விரோதி இல்லை. அதன் சொந்தப் பாலைவனத்திலும் குளிர் கால இரவுகள் சில்லென்றுதான் இருக்கும். வயிறு காலியாக, ஈரம் படாமல், 15 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் நடுவில் கிடப்பது அதற்கு நல்ல படுக்கை. ஊட்டி மாதிரிக் குளிர் வீட்டுக்குள்ளேயே இலவசமாகக் கிடைக்கிற ஊரில், அந்தக் குளிரை விரட்ட ராத்திரி முழுவதும் ஹீட்டர் போட்டு, அதற்கு நடுவில் கரண்டு போய், மறுபடியும் வந்து, பிராணியைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றித் தோய்த்தெடுக்கிறார்கள். பனி மூட்டத்தின் ஈரம்தான் நெஞ்சைக் கெடுக்கும். அதைக் கவனிப்பார் இல்லை.

போதாக்குறைக்கு அதன் பஞ்சாங்கமும் நம்முடையதில்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆனியும் ஆடியும்தான் குளிர் காலம். இங்கே பிறந்து வளர்ந்த குட்டிகள் அநேகமாக நம்முடைய பருவத்துக்குப் பழகிவிடுகின்றன. ஆனாலும் வெளியே ஆடிக் காற்று, மேகம், மங்கல் வெளிச்சம் என்று இருக்கும்போது ஒன்றிரண்டு படுத்துவிடுவதும் உண்டு. நாம் மார்கழியை எதிர்பார்த்திருக்கும்போது அது ஆடியில் படுத்தால், அதன்மேல் என்ன தப்பு?

அந்த ஊரில் எதையும் அதனதன் பருவத்துக்கு விடுவதில்லை என்பதற்கு ரோஜாவே சாட்சி. ஓசூரைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூரைக்குள் ஏக்கர் கணக்கில் ரோஜா வளர்க்கிறார்கள். பிப்ரவரி 14-ந் தேதி காதலர்களுக்கு வேண்டும் என்று, அதற்கு ஒன்றரை மாதம் முன்பாகவே நாள் குறித்துக் கிளைகளை வெட்டிவிடுவார்கள். செடியும் மேஸ்திரிக்குப் பயந்த சித்தாள் மாதிரி, சொன்ன தேதிக்கு மொக்கு விடுகிறது. விவசாயியை நான் குறை சொல்லவில்லை. அது அவர் வயிற்றுப்பாடு. ஆனால் இந்தப் பழக்கம் தோட்டத்தோடு நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. ராத்திரி வேலை முடிந்து ஆறரை மணிக்கு வருகிற மனிதன், பெட்டியைத் தட்டினால் ஓணான் தலையைத் தூக்கி ஆட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். ஆட்டவில்லையென்றால் அதற்கு வியாதி. கொடுத்த காசுக்கு விழித்திரு என்கிறான்.

இனி, பின்னால் வருகிறேன் என்றேனே, அந்தச் சண்டை.

ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் நாட்டு ஊர்வனவற்றை உயிரோடு வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. அப்படியானால் இத்தனை தாடி ஓணான்கள் உலகமெங்கும் எப்படி வந்தன? பல வருஷங்களுக்கு முன்னால் திருட்டுத்தனமாக வெளியேறியவற்றின் வம்சம் என்பதே பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவை தலைமுறை தலைமுறையாகப் பெட்டிகளிலேயே பொரித்துப் பெருகிவிட்டன. ஆகவே இன்றைக்கு வாங்குகிறவன் திருட்டுச் சொத்தின் பேரனைத்தான் வாங்குகிறான், திருட்டுச் சொத்தை அல்ல என்று வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் இந்தச் சந்தை எந்த வாசல் வழியாகப் போய்வருகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? 2023 செப்டம்பரில் பெங்களூர் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பயணப் பெட்டிகளைத் திறந்தார்கள். 55 பந்து மலைப்பாம்புகள், 17 ராஜநாகங்கள், 6 கப்புச்சின் குரங்குகள். பாம்புகள் உயிரோடு இருந்தன. குரங்குகள் ஆறும் செத்திருந்தன. ஓசூரிலிருந்து அந்த விமான நிலையம் இரண்டு மணி நேரப் பயணம்தான்.

"சட்டம் தடுக்கவில்லையே" என்கிறார்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பிராணிகளுக்காகப் போட்டது. அதனால்தான் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருந்தால் குற்றம், பச்சைக் கிளியைக் கூண்டில் வைத்தால் குற்றம். வேற்று நாட்டுப் பிராணிக்கு வெகு காலம் கேட்பாரில்லை. 2022-ல் திருத்தம் வந்தது. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலிலுள்ள அயல் நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும், பிறப்பு இறப்பு கைமாறல் எல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று 2024-ல் விதிகளும் வந்தன. நல்லது. ஆனால் பதிவுப் புஸ்தகத்தில் பெயர் எழுதிக்கொள்கிற சட்டம், வாங்குகிறவனுக்கு அந்தப் பிராணி எத்தனை மாதம் தூங்கும் என்று சொல்லிக் கொடுக்காது. அதை விற்கிறவன்தான் சொல்ல வேண்டும். ஒரு மிக்ஸி வாங்கினால்கூடக் கூடவே ஒரு புஸ்தகம் வருகிறது. உயிரை விற்கும்போது, 'இதற்கு இன்ன வயது, இன்ன சூடு வேண்டும், குளிரில் சாப்பிடாது, எழுப்பாதே' என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்று கேட்பது அதிகப் பிரசங்கித்தனமா? கொடுக்காத கடையில் வாங்காதே என்று சொல்வது தேசத் துரோகமா?

உண்மையைச் சொன்னால், எந்தக் கடையிலுமே வாங்காதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் பத்து வருஷத்துக்குக் கடன்பட்டவர்கள், அந்த ஓணான் அவ்வளவு காலம் வாழும். அலுத்துப்போய் ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுகிற எண்ணமே கூடாது. சிவப்புக் காது ஆமையை இப்படித்தான் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் குளத்தில் கொட்டி, நம் ஊர் ஆமைகளின் சாப்பாட்டில் மண் போட்டோம்.

என் மருமகன் கடனை ஒழுங்காகத்தான் கட்டுகிறான். தராசு வாங்கினான், நோட்டுப் புஸ்தகம் போட்டான், ஒன்பது வாரம் அதை எழுப்பவில்லை. 412 கிராமில் படுத்தது, 405 கிராமில் எழுந்தது. மாசிக் கடைசியில் ஒரு நாள் தானே வந்து தண்ணீர்க் கிண்ணத்தில் தாடியை நனைத்துக்கொண்டதாம். அவனைக் கேட்டேன், "இன்னொன்று வாங்குவாயா?" என்று. "ஐயோ மாமா!" என்றான்.

ஆசை தீராதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம், ஆஸ்திரேலியாவும் வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் பாறைகளில் நம்முடைய பாறை ஓணான் இருக்கிறது. மற்ற மாதங்களில் கல்லோடு கல்லாகச் சாம்பல் நிறம். சித்திரை வைகாசியில் ஆணைப் பார்க்க வேண்டும்: முதுகு செக்கச் செவேலென்று, பக்கமும் வயிறும் கன்னங்கறேலென்று, பாறை உச்சியில் ஏறி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். பெண்ணோ எதிராளியோ வந்தால் கண்ணெதிரிலேயே நிறம் மாறும். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நகரத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆண்களின் நிறம் கிராமத்துப் பாறையில் இருப்பவற்றைவிட மங்கியிருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். நிறம் மங்கினாலும் பரவாயில்லை, நிற்கப் பாறை இருந்தால் சரி. அந்தப் பாறைகளைத்தான் அறுத்துப் பளபளப்பாக்கி, 'பாரடைசோ' என்று சொர்க்கத்தின் பெயர் வைத்துக் கப்பலேற்றுகிறோம். உள்ளூர் ஓணானின் வீட்டைச் சமையலறை மேடையாக்கி அன்னிய தேசத்துக்கு அனுப்பிவிட்டு, அன்னிய தேசத்து ஓணானை வரவழைத்து அதற்குப் பிளாஸ்டிக் பாறை வாங்கி வைக்கிறோம்!

ஆகையால் மீதியிருக்கும் பாறைக்கு ஒரு நாள் போங்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் போதும், வெயில் ஏறியவுடன் அது வந்துவிடும். குழந்தைகளை அழைத்துப் போங்கள். பத்தடி தள்ளி நில்லுங்கள். குடையை விரித்து ஆட்டாதீர்கள், அது பருந்து என்று நினைத்து ஓடிவிடும்.